கல்லுக்கு அடியில் மார்த்தா நூல்

மானோல் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே வெலிகா கவனித்துவிட்டாள். புருஷனின் இடது மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. காலையில் முட்டி வைத்தியரைப் பார்க்க டவுனுக்குக் கிளம்பியபோது அதில் சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கம்பளி நூல் இருந்தது. மார்ச் முதல் தேதி, சூரியன் தலைகாட்டுவதற்கு முன்னால், அவளே திரித்து அவளே கட்டிவிட்ட மார்த்தெனித்ஸா. ஊரில் செல்லமாக மார்த்தா நூல் என்பார்கள்.

காரணமில்லாமல் அதை அவிழ்க்க பிஸ்த்ரோவோ மலைக்கிராமத்தில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. செங்கால் நாரையைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் பழமரம் ஒன்று பூத்திருக்க வேண்டும். முந்திக்கொண்டு அவிழ்த்தால் மார்த்தா கிழவி கோபித்துக்கொள்வாள். மார்ச் மாதம் அவளுக்குச் சொந்தம். அவள் சிரித்தால் வெயில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் பனி. அன்றைக்கு மத்தியானத்துக்குள்ளேயே அவள் இரண்டு தடவை சிரித்து, மூன்று தடவை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"நாரை பாத்தியாய்யா?" என்றாள் வெலிகா.

"பாத்தேன்."

"எங்க?"

"கீழ, ஆத்துப் பாலம் தாண்டி."

"நின்னுச்சா, பறந்துச்சா?"

மானோல் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினான். கால்சட்டைப் பையிலிருந்து நூலை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"பறந்துச்சு," என்றான்.

வெலிகா அவன் கையிலிருந்த நூலையே பார்த்தாள். வருஷத்தின் முதல் நாரை நின்றபடி கண்ணில் பட்டால் அந்த வருஷம் முழுக்கக் கால்வலியும் சோம்பலும். பறந்தபடி பட்டால் பயணம். இது சின்னக் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. மானோலின் பயணம் எங்கே என்பதும் அவளுக்குத் தெரியும். ஸ்பெயினில் ஆரஞ்சுத் தோட்டத்தில் வேலை பார்க்கிற அவன் அண்ணன் ரங்கெல், பனி விழத் தொடங்கிய நாளிலிருந்து வாரம் தவறாமல் போன் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் வேலை, தங்க வீடு, குளிர் கிடையாது, ஓநாய் கிடையாது, மலையேற வேண்டாம். மானோலின் வலது முட்டி இரண்டு வருஷமாகவே மலையேற மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"வைத்தியர் என்ன சொன்னாரு?"

"சமதரையில நடன்னாரு. நம்ம ஊர்ல சமதரை எங்கய்யா இருக்குன்னு கேட்டேன். சிரிக்கிறாரு."

இரண்டு பேரும் வீட்டுக்கு ஏறினார்கள். மானோல் வேலியைப் பிடித்துப் பிடித்து ஏறினான். உதவிக்குக் கை நீட்டினால் எரிந்து விழுவான் என்பதால் வெலிகா இரண்டடி முன்னாலேயே நடந்தாள்.

அடுப்பில் மொச்சைக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. சீவிய உருளைக்கிழங்கோடு புதினாவும் பாலாடைக்கட்டியும் பிசைந்து தட்டையாகத் தட்டி, சட்டியில் போட்டுத் திருப்பிக்கொண்டிருந்தாள் வெலிகா. அந்த வாசனை வேலியைத் தாண்டினால் போதும், பக்கத்து வீட்டு செவ்தா வந்துவிடுவாள். ஐம்பத்தைந்து வயது, சதா வாய், ஊரில் எந்தப் பஞ்சாயத்திலும் கூப்பிடாமலே வந்து உட்காருகிறவள். அன்றும் வந்தாள். வந்த வேகத்தில் அவள் கண்ணும் மானோலின் மணிக்கட்டுக்குத்தான் போனது.

"அட, நாரை வந்தாச்சா! பறந்ததா, நின்னதா?"

"பறந்துச்சாம் செவ்தாக்கா," என்றாள் வெலிகா, சட்டியைப் பார்த்தபடியே.

"எங்கிருந்துடா பாத்த?"

"பஸ்ஸுக்குள்ள இருந்து."

"பஸ்ஸு ஓடிக்கிட்டு இருந்துச்சா?"

"பின்ன, நின்ன பஸ்ஸுல எவன் டவுனுக்குப் போவான்?"

செவ்தா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். "அப்ப நாரை சும்மா நின்னுக்கிட்டு இருந்திருக்கும். ஓடுனது உன் பஸ்ஸுடா மானோலு! உனக்கு வந்திருக்கிறது பயணம் இல்ல, கால்வலி. அது ஏற்கனவே வந்தாச்சு. இனி நாரை பாத்தா என்ன, பாக்காட்டி என்ன!"

வெலிகாவும் சிரித்துவிட்டாள். சட்டியில் இருந்தது ஒரு பக்கம் தீய்ந்துபோனது. மானோல் மட்டும் சிரிக்கவில்லை.

"றெக்கையை விரிச்சிருந்துச்சு," என்றான். "எனக்குக் கண்ணு இருக்கு. சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை கரம்ஃபில் லாரி கொண்டு வர்றான். நம்ம ஆடு எல்லாத்தையும் ஒரே வாட்டியா ஏத்திக்கிறேன்னிருக்கான்."

கரம்ஃபில் டவுனில் ஆட்டு வியாபாரி. ஈஸ்டர் நெருங்கும்போது மலை முழுக்க அவன் லாரிதான் ஓடும். செவ்தாவின் சிரிப்பு நின்றுபோனது. அவள் வெலிகாவைப் பார்த்தாள். 'என்னடி, வாயைத் திறயேன்' என்ற பார்வை அது.

வெலிகா வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. எட்டு வருஷத்துக்கு முன்னால், ரங்கெல் முதன்முதலாக ஸ்பெயினுக்குப் போனபோது, மானோலும் பெட்டியைக் கட்டிவிட்டான். அப்போது அவள் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். அவன் பெட்டியைப் பிரித்தான். அதைப் பற்றி அவன் ஒரு தடவைகூடக் குத்திப் பேசினதில்லை. அவளை வாட்டியதே அதுதான். ஓநாய் இரண்டு பெட்டை ஆடுகளை இழுத்துப்போன வருஷம், வைக்கோல் நனைந்து அழுகிய வருஷம், முட்டி வீங்கிய வருஷம், ஒவ்வொரு தடவையும் அவன் ஒன்றும் சொல்லாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்காருவான். அவன் சொல்லாமல் விட்டதையெல்லாம் அவளே தனக்குச் சொல்லிக்கொள்வாள். இனி ஒரு தடவை இவனைப் 'போகாதே' என்று நான் சொல்ல மாட்டேன் என்று அவள் சபதம் எடுத்திருந்தாள். சபதம் எடுத்தது யாருக்கும் தெரியாது. பிடிவாதம் என்று வந்துவிட்டால் அந்த வீட்டில் ஒருத்தருக்கொருத்தர் சளைத்தவர்கள் இல்லை.

ஆனால் போகவும் அவளுக்கு மனசில்லை. அறுபத்திரண்டு ஆடும் அவளுக்குப் பேரோடு தெரியும். கண்ணைச் சுற்றி மை தீட்டின மாதிரி கருப்பு இருக்கிற வக்லாவுக்கு முந்தாநாள்தான் இரட்டைக் குட்டி. ஒன்று காலை முன்வைத்து வந்தது, இன்னொன்றை அவள் கைவிட்டுத் திருப்பி எடுத்தாள். இரண்டு குட்டிக்கும் கழுத்தில் நூல் கட்டியாயிற்று. கட்டின நூலோடு அதுகளை லாரியில் ஏற்றுவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மறுநாள் காலை தொழுவத்துக்குப் பின்னால் இருந்த பிளம் மரம் பூத்திருந்தது. ஒரே ஒரு கிளை, அதுவும் வெயில் படுகிற பக்கம் மட்டும். வெலிகாவுக்கு அது போதும். அவள் தன் நூலை அவிழ்த்துக்கொண்டு நேராக மானோலிடம் வந்தாள். அவன் முக்காலியில் உட்கார்ந்து பால் கறந்துகொண்டிருந்தான்.

"உன் நூலைக் குடு."

"எதுக்கு?"

"கல்லுக்கு அடியில வைக்கணும்ல. நாரை உனக்குச் சொன்னது. வீட்டுக்குச் சொல்ல வேண்டியது கல்லுதானே?"

அதுவும் ஊர் வழக்கம்தான். அவிழ்த்த நூலைப் பழமரத்தில் கட்டுகிறவர்கள் உண்டு. ஆடு மாடு வைத்திருக்கிறவர்கள் கல்லுக்கு அடியில் வைப்பார்கள். ஒன்பதாம் நாள் கல்லைப் புரட்டிப் பார்த்தால் நூலில் என்ன ஊர்கிறதோ அதுதான் பலன். எறும்பு என்றால் அந்த வருஷம் ஆடு பெருகும். வண்டு என்றால் மாடு. புழு என்றால் குதிரை. சிலந்தி என்றால் ஒன்றுமில்லை, இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

மானோல் கறப்பதை நிறுத்தாமல் யோசித்தான்.

"சரி," என்றான். "எறும்பு வந்தா ஆடு நிக்கட்டும். வேற எது வந்தாலும் ஸ்பெயினு. பேச்சு மாறக் கூடாது."

"நீ மாறாம இரு."

"நான் எப்ப மாறினேன்?"

அவன் மாறினதில்லை, அவள்தான் மாற்றினாள். நூலை வாங்கிக்கொண்டு போய், மரத்தடியில் ஒரு தட்டைக் கல்லைப் பெயர்த்து, இரண்டு நூலையும் ஒன்றாகச் சுருட்டி வைத்து மூடினாள்.

அடுத்த நாளே மார்த்தா கிழவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மூன்று நாள் பனி. பூத்த கிளை கருகிப்போனது. வைக்கோல் போர் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டது. வெலிகா காலையில் தொழுவத்தைக் கூட்டி, எருவை அள்ளி, குட்டிகளை ஒவ்வொன்றாகத் தாயிடம் விட்டு, மோரை நாய்களுக்கு ஊற்றி, பாலைக் காய்ச்சி உறைகுத்தி, இத்தனைக்கும் நடுவில் நாலு தடவை மரத்தடிக்குப் போய் வந்தாள். கல்லைத் தொடவில்லை. அதன் மேல் விழுந்த பனியைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு வந்தாள்.

"என்னடி, கல்லுக்குக் குளிருதுன்னு போர்வை போத்தப் போறியா?" என்றாள் செவ்தா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"இந்தக் குளிர்ல எறும்பு வருமாக்கா?"

"நான் எறும்பா இருந்தா வர மாட்டேன்." செவ்தா கொஞ்சம் யோசித்தாள். குரலை இறக்கினாள். "நீ வாயத் தொறந்து 'நான் வரல'ன்னு சொல்லிட்டா எறும்பு எதுக்கு?"

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"ஒருவாட்டி சொல்லிட்டேன்க்கா. அதுக்கே எட்டு வருஷமா அவன் காலை நான்தான் ஒடச்ச மாதிரி இருக்கு."

செவ்தா வேலியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆறாம் நாள் வெயில் வந்தது. மானோல் ஆடுகளைக் கீழ்ச்சரிவுக்கு ஓட்டிக்கொண்டு போனான். முட்டியில் கம்பளித் துணியைச் சுற்றி, கோலை ஊன்றி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு வசவோடு இறங்கினான். அவன் தலை மறைந்ததும் வெலிகா சமையல் மேடையில் இருந்த தேன் ஜாடியைத் திறந்தாள். காட்டுத் தேன், கருத்துக் குழைந்தது. ஒரு கரண்டி எடுத்தாள். போதாது என்று தோன்றியது. இன்னொன்று எடுத்தாள். கல்லைப் பாதி தூக்கி, நூலைச் சுற்றிலும் தேனை வழித்துவிட்டு, கரண்டியை நக்கிக்கொண்டே திரும்பி வந்தாள். நாற்பத்து மூன்று வயதில் அவள் மார்த்தா கிழவியை ஏமாற்றியது அதுவே முதல் தடவை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. விடியும் நேரத்தில் நாய்கள் தொழுவத்துப் பக்கம் ஓயாமல் குரைத்தன. பிறகு அடங்கிவிட்டன. மானோல் ஜன்னலைத் திறந்து சத்தம் போட்டுவிட்டு, ஆடுகள் அமைதியாக இருப்பதைக் கேட்டுவிட்டு, மூடினான். வெளிச்சம் நன்றாக வந்ததும் கரம்ஃபிலின் லாரி மேட்டில் முனகிக்கொண்டு ஏறி வந்தது. தொப்பை, மீசை, மூன்று பேருக்குச் சேர்த்துச் சத்தம், இதுதான் கரம்ஃபில். வேலியோரமாக செவ்தாவும் ஆஜர்.

"கதவைத் தொறப்பா மானோலு, ஏத்திருவோம்."

"கொஞ்சம் இருண்ணே. ஒரு கல்லைப் பாக்கணும்."

"என்ன கல்லு?"

"மார்த்தா கல்லு."

கரம்ஃபிலும் அந்த மலைக்காரன்தான். கேலி பண்ணாமல் தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டு கூடவே வந்தான்.

மரத்தடியில் கல் இல்லை.

கல் இருந்த இடத்தில் ஒரு பள்ளம். கரண்டியால் சுரண்டின மாதிரி மண் நாலு பக்கமும் சிதறிக் கிடந்தது. கல் ஆறேழு அடி தள்ளிக் கீழே, முள்வேலியில் சாய்ந்து கிடந்தது. ஈர மண்ணில் உள்ளங்கையைவிடப் பெரிதாக ஒரு தடம். ஐந்து நகமும் சுத்தமாகப் பதிந்திருந்தது.

"கரடி," என்றான் மானோல்.

"நூலு எங்க?" என்றாள் செவ்தா.

நூல் இல்லை. பள்ளத்தில் தேடினார்கள், மரத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். வெள்ளையும் இல்லை, சிவப்பும் இல்லை.

"போட்டுக்கிட்டுப் போயிருச்சு," என்றாள் செவ்தா. "இனி அது நாரை பாத்தாத்தான் அவுக்கும்."

கரம்ஃபில் பள்ளத்துக்குள் குனிந்து பார்த்தான். "எறும்பு ஒண்ணையும் காணோமே. கரடிக்கு என்ன பலன்?"

"கரடிக்குப் பலன் சொன்னவங்க இந்த ஊர்ல யாரும் கெடையாது," என்றாள் செவ்தா.

"எறும்பு இல்லன்னா ஏத்த வேண்டியதுதானே? பேச்சு அப்படித்தானேப்பா?"

மானோல் கோலை ஊன்றிக் கீழே இறங்கிப் போய், வேலியோரம் கிடந்த கல்லைப் புரட்டினான். அதன் அடிப்பக்கத்தை விரலால் தடவினான். விரலை மூக்கருகே கொண்டுபோனான். பிறகு நாக்கில் வைத்துப் பார்த்தான்.

வெலிகாவின் முகம் நெருப்பாய்க் கொதித்தது. இனி மறைக்க ஒன்றுமில்லை. தேன் காட்டிக்கொடுத்த பிறகு அவள் வாய் சும்மா இருந்து என்ன பிரயோஜனம்?

"நான்தான் வச்சேன்," என்றாள். குரல் உரக்கவே வந்தது. "ரெண்டு கரண்டி வச்சேன். எறும்பு வரணும்னு வச்சேன். நான் வரலய்யா மானோலு. ஆரஞ்சுத் தோட்டம் எனக்கு வேண்டாம். உன் முட்டி வலிக்குதுன்னு எனக்குத் தெரியும், நான் கண்ணில்லாதவ இல்ல. போன தடவை நான்தான் உன்ன நிறுத்தினேன், அதுக்கப்புறம் நடந்த எல்லாம் என் தலையிலதான்னும் தெரியும். தெரிஞ்சும் சொல்றேன். நான் வரல. நீ போறதுன்னா போ, நான் ஆட்டோட இங்க இருக்கேன்."

செவ்தா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், வாழ்க்கையில் ஒரே தடவையாக. கரம்ஃபில் மீசையைத் தடவிக்கொண்டு லாரியைப் பார்த்தான். மானோல் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். முட்டி மடங்கும்போது 'கடக்' என்று சத்தம் கேட்டது.

"உன் தலையிலன்னு எவன் சொன்னான்?"

"நீ சொல்லல. அடுப்பையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்ப."

"வலிக்கும்போது வேற எதைப் பாக்குறது? உன் மூஞ்சியப் பாத்தா நீ அழுவ." அவன் கோலால் மண்ணைக் கிளறினான். "எனக்கும் அங்க போறதுக்கு ஒண்ணும் ஆசை இல்லடி. இந்தக் காலை வச்சுக்கிட்டு மேல் மேய்ச்சலுக்கு ஏற முடியாது. ஏற முடியலன்னு உங்கிட்ட சொல்றதுக்கு ஸ்பெயினுக்குப் போறேன்னு சொல்றது சுலபமா இருந்துச்சு."

"ஏற வேண்டாம். நான் ஏறுறேன்."

"கோடை முழுக்கவா? தனியாவா?"

"நாய் ரெண்டு இருக்கு. வாரத்துல ரெண்டு நாளு செவ்தாக்கா வருவா. நீ கீழ உக்காந்து பாலைக் காய்ச்சு, பாலாடைக்கட்டி பிழி. உக்காந்துக்கிட்டு செய்ற வேலையெல்லாம் உனக்கு, நடக்குற வேலையெல்லாம் எனக்கு."

"நான் வர்றேன்னு எப்ப சொன்னேன்?" என்றாள் செவ்தா. "மூணு நாளு வர்றேன்."

மானோல் கரம்ஃபில் பக்கம் திரும்பினான்.

"கரம்ஃபில் அண்ணே, நீயும் இந்த மலையிலதானே பொறந்த? கரடி எதுக்குக் கல்லைப் புரட்டும்?"

"அது என்ன கேள்வி? எறும்புக்குத்தான். வசந்தம் வந்தா அதுக்கு வேற என்ன வேலை?"

"அப்ப எறும்பு இருந்திருக்கு."

கரம்ஃபில் கையை ஆட்டினான். "டேய், தேனுக்கு வந்திருக்கும்டா!"

"தேனுக்கு எறும்பு வந்துச்சு, எறும்புக்குக் கரடி வந்துச்சு. அப்படி இல்லேங்கிறதுக்கு உங்கிட்ட சாட்சி இருக்கா? எனக்கு இருக்கு." மானோல் கோலால் அந்தத் தடத்தைக் காட்டினான்.

கரம்ஃபில் தடத்தைப் பார்த்தான், மானோலைப் பார்த்தான், சிரிப்பை அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "முப்பது வருஷமா வியாபாரம் பண்றேன். எங்கிட்ட கரடியச் சாட்சி கூப்பிட்டவன் நீ ஒருத்தன்தான். வெலிகா, வெறும் வயித்தோட என்னத் திருப்பி அனுப்பாத. அடுப்புல என்ன இருக்கு?"

அடுப்பில் உருளைக்கிழங்கு இருந்தது. தயிர் இருந்தது. மானோல் ரக்கியா சாராயப் புட்டியை எடுத்தான். லாரி காலியாக இறங்கிப் போகும்போது வெயில் முற்றம் முழுக்க விழுந்திருந்தது. வக்லாவின் இரட்டைக் குட்டிகள் கழுத்து நூலோடு கருகாத கிளைக்குக் கீழே முட்டி விளையாடிக்கொண்டிருந்தன.

போன் அடித்தது. ரங்கெல். சனிக்கிழமை லாரி வரும் என்று அவனுக்குத் தெரியும். மானோல் சத்தத்தைக் கூட்டி மேஜை மேல் வைத்தான்.

"என்னடா, ஏத்தியாச்சா?"

"இல்லண்ணே. கல்லுக்கு அடியில எறும்பு வந்திருச்சு."

ரங்கெலுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"நிறைய வந்துச்சா?"

"ஒரு கரடி வயிறு ரொம்புற அளவுக்கு."

ரங்கெல் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே தேய்ந்துபோனது. "நானும் மார்ச் ஒண்ணாந்தேதி கட்டினேன்டா. இங்க நாரை ஊருக்குப் போறதே இல்ல. வருஷம் பூரா குப்பைமேட்டுலயே நிக்குது. கட்டிட்டு வெளிய வந்தா எதுத்தாப்புல நிக்குது. கட்டின அன்னைக்கே அவுக்க வேண்டியிருக்கு. எதுக்குக் கட்டுறதுன்னே தெரியல."

வெலிகா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"அத்தான், அங்க கரடி இருக்கா?"

"இங்க ஏதும்மா கரடி?"

"அப்ப திரும்பக் கட்டிக்கோங்க. நாரையப் பாத்தெல்லாம் அவுக்காதீங்க. கரடியப் பாத்தப்புறம் அவுத்தாப் போதும்."